கோடு வளையும் நேரம்

கராமியாவில் ஆல்வின் பீட்ரி என்றொருவர்
தன் அழைப்புக்குறியின் கடைசி மூன்று எழுத்தை
நூறு மில்லிவாட்டில் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்.
நூறு மில்லிவாட் என்றால்
குளிர்பெட்டிக்குள் எரியும் குட்டி விளக்கே சிரிக்கும்.

ஒரு புள்ளிக்கு ஆறு நொடி.
ஒரு கோட்டுக்குப் பதினெட்டு.
கே, யூ, ஈ:
சொல்லி முடிக்க இரண்டு நிமிடம் பதினெட்டு நொடி.
அதற்குள் நான் காப்பிக் கெண்டியை அடுப்பில் ஏற்றி
பூனையைத் திட்டி
ஒற்றைக் காலுறைக்கு ஜோடி தேடி எடுத்துவிடுவேன்.
ஈ மட்டும் ஒரே புள்ளி.
அந்த நேரம் பார்த்துத் தும்மினால்
இன்னொரு சுற்று காத்திருக்க வேண்டும்.

காதில் ஒன்றும் விழாது.
ஹெட்போனில் வெறும் இரைச்சல்,
சிப்பி அலசும் இயந்திரம் மாதிரி.
பகலெல்லாம் அரோசாக் கரையில்
சம்பளத்துக்குக் கேட்பதும் அதைத்தான்.
கண்ணுக்குத்தான் தெரியும்:
திரையில் நீல இரைச்சலுக்குள்
யாரோ நகத்தால் கீறியதுபோல் ஒன்று
படி ஏறுகிறது,
படி இறங்குகிறது.

அவருடைய படிகம் வெயிலுக்கு ஆடும்.
தகரக் கூரை சூடேறினால் கோடு மெல்லச் சரியும்.
மழை பிடித்தால் நிமிரும்.
இங்கே இரவு ஏழு, அங்கே காலை ஏழு.
தவறாமல் அந்நேரம் கோட்டில் ஒரு சின்ன முதுகு,
அவரை விதை அளவு.
கொட்டகைக் கதவைத் திறக்கிறார்.
குளிர் உள்ளே புகுகிறது.
மூடுகிறார்.
கோடு பழைய இடத்துக்கு வந்து உட்காருகிறது.
அது அவர் அனுப்பியதல்ல.
எனக்கு வந்தது.

பிப்ரவரி மூன்றாம் தேதி முதுகு இல்லை.
நான்காம் தேதியும் இல்லை.
அடிக்கோல் வைத்து இழுத்ததுபோல் நேர்க்கோடு.
கே, யூ, ஈ மட்டும் பிசகாமல் வருகின்றன.
அதுதான் வயிற்றைக் கலக்கியது.
பேட்டரி உள்ளவரை
கருவி பேசிக்கொண்டுதான் இருக்கும்,
பக்கத்தில் ஆள் கிடந்தாலும்.

'போன் போட்டுக் கேளேன்' என்றாள் சபேலா,
சிப்பிக் கூடையைத் தள்ளிக்கொண்டே.
என்னவென்று கேட்பது?
ஐயா, முகம் பார்த்ததில்லை,
உங்கள் கதவு ஏன் இன்னும் திறக்கவில்லை என்றா?

ஒன்பதாம் நாள் வழக்கமான அறிக்கை அனுப்பினேன்.
தேதி, நேரம், கோடு தெளிவு.
அடியில் ஒரு வரி:
மிக நேராக இருக்கிறது.

மறுநாளே பதில்.
'நன்றி உஷியா! கவனித்துவிட்டீர்களே!
படிகத்துக்குத் தெர்மாக்கோல் பெட்டி செய்து போட்டேன்.
அந்த ஆட்டம் ஆறு வருடமாக என்னை அரித்தது.
இனி பூகம்பமே வந்தாலும் அசையாது.'

ஆமாம், அசையவில்லை என்று எழுதினேன்.
வாழ்த்துகள் என்றும் எழுதினேன்.
எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம்
அந்த நேர்க்கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
குறை சொல்ல ஒன்றுமில்லை.

பிறகு என் கருவிக்குச் சுற்றியிருந்த
கம்பளித் துணியை அவிழ்த்தேன்.
பூனை படுக்க ஆயிற்று.
கருவியைக் கணப்புக்குப் பக்கத்து
ஜன்னல் திண்டில் வைத்தேன்.
இரவு எட்டரைக்கு விறகு மூட்டுவேன்.
மற்றபடி எல்லாம் முன்போலத்தான்,
ஆறு நொடிக்கு ஒரு புள்ளி.

மூன்று வாரம் கழித்து ஆல்வின் எழுதியிருந்தார்:
'உங்கள் சைகை நன்றாக வருகிறது.
ஆனால் எங்கள் காலை எட்டரைக்கு, தினமும்,
நான்கு ஹெர்ட்ஸ் சரிகிறது.
தெர்மாக்கோல் போட்டுப் பாருங்கள்.
பெட்டியின் அளவுகளை இணைத்திருக்கிறேன்.

பி.கு.
ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒன்பதரைக்கு.
ஏன்?'